விரிந்த எல்லையும் தளர்ந்த பிடியும்: தக்காணத்தில் முகலாயப் பேரரசு, 1681–1707

ஆய்வின் வரம்பு

ஒரு பேரரசு எந்த ஆண்டில் உச்சத்தில் இருந்தது என்ற கேள்விக்கு, அதன் நிலப்பரப்பு மிகப் பெரிதாக இருந்த ஆண்டையே பெரும்பாலான பாடநூல்களும் வரைபடத் தொகுப்புகளும் விடையாகத் தருகின்றன. ரோமுக்கு கி.பி. 117, மங்கோலியருக்கு 1279, பிரித்தானியருக்கு முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகள் என்று அந்த வரிசை நீளும். முகலாயருக்கு ஔரங்கசீப்பின் கடைசி ஆண்டுகள் குறிக்கப்படும். ஆனால் அதே நூல்களில் அடுத்த அத்தியாயம் முகலாயரின் சரிவைப் பற்றியதாகவும், அதுவும் 1707இலேயே தொடங்குவதாகவும் இருக்கும். நேற்றுவரை உச்சத்தில் நின்ற அரசு மறுநாளே சரியத் தொடங்கியது என்று மாணவர் படிக்க நேர்வது இதனால்தான்.

இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க, ஔரங்கசீப் தெற்கே கழித்த 26 ஆண்டுகளை ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அரசர்கள், இளவரசர்கள், தளபதிகள் ஆகியோரைப் பெயர் சொல்லியும், ஜாகீர் (ஊதியத்துக்கு ஈடான வரி வசூல் உரிமை) கிடைக்காத மன்சப்தார் (முகலாய அதிகாரி), கோட்டையை விலைக்கு விட்ட கிலேதார் (கோட்டைத் தலைவர்), சம்பளப் பாக்கிக்காகக் காத்திருந்த படைவீரர் போன்றோரை அவர்கள் வகித்த நிலையைக் கொண்டும் குறிப்பிடுகிறது. நிகழ்வின் பெரும்பகுதி தக்காணத்தில் நடந்தாலும், அதன் திருப்புமுனையான முற்றுகை இன்றைய விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் நடந்தது.

பின்னணி

முகலாய அரசின் வலிமை மன்சப்தாரி முறையில் இருந்தது. ஒவ்வோர் அதிகாரிக்கும் தகுதியைக் குறிக்கும் 'ஜாத்' எண்ணும், அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைப்படையைக் குறிக்கும் 'சவார்' எண்ணும் தரப்பட்டன. அதற்கான ஊதியம் பெரும்பாலும் ரொக்கமாக அன்றி, ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமையாக, அதாவது ஜாகீராக, வழங்கப்பட்டது. அதிகாரி ஓரிடத்தில் வேரூன்றிவிடக் கூடாது என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜாகீர் மாற்றப்பட்டது. அரசின் ஏட்டில் எழுதப்பட்ட வருவாய்க்கும் நிலத்திலிருந்து உண்மையில் கிடைத்த வருவாய்க்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி சிறியதாக இருந்தவரை, பேரரசு தன் வரியைப் படையாக மாற்றும் வேலையை அக்காலத்தில் வேறெந்த இந்திய அரசும் செய்யாத அளவுக்குத் திறம்படச் செய்தது.

தக்காணத்தைப் பொறுத்தவரை, 1636இல் ஷாஜகான் பீஜப்பூரோடும் கோல்கொண்டாவோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் ஒரு தெளிவான ஏற்பாட்டைத் தந்திருந்தன. இரு சுல்தான்களும் முகலாயரின் மேலாண்மையை ஏற்றனர். கோல்கொண்டா கப்பமும் கட்டியது. அந்நாடுகளின் உள்ளூர்த் தகராறுகளையும் தெற்கு எல்லைச் செலவுகளையும் அவற்றின் ஆட்சியாளர்களே சுமந்தனர். சிவாஜியின் எழுச்சி இந்த ஏற்பாட்டைக் குலைத்தது என்பது உண்மை. எனினும் 1680இல் சிவாஜி இறந்தபோது முகலாய அரசு ஆபத்தில் இருந்தது என்று சொல்வதற்கில்லை.

இங்கே பல்க் படையெடுப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். 1646இல் முகலாயப் படை இந்துகுஷ் மலையைக் கடந்து, இன்றைய வட ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கைப் பிடித்தது. பிடித்த நிலம் தன் செலவுக்குக் கூட வருவாய் தராது என்று தெரிந்ததும், மறு ஆண்டே அந்தப் படை திரும்பியது. திரும்பும் வழியில் குளிரிலும் தாக்குதல்களிலும் பேரிழப்பு நேர்ந்தது, மானக்கேடும் ஏற்பட்டது. ஆயினும் பேரரசு அசையவில்லை. அந்தப் பின்வாங்கலை நடத்திய இளவரசர் ஔரங்கசீப்பே.

1681இன் முடிவு

1681 தொடக்கத்தில் ஔரங்கசீப்பின் மகன் அக்பர் ராஜபுத்திரர் ஆதரவோடு தன்னைப் பேரரசராக அறிவித்தார். அது தோற்றதும் தெற்கே ஓடி மராத்திய அரசர் சாம்பாஜியிடம் அடைக்கலம் புகுந்தார். கிளர்ச்சி செய்த இளவரசரும், தோற்கடிக்கப்படாத ஒரு பகையரசும், நடுநிலை என்ற பெயரில் இருவருக்கும் இடம் கொடுக்கக்கூடிய இரு சுல்தான்களும் ஒன்றுசேர்வதை எந்தப் பேரரசராலும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தம் தந்தைக்கு எதிராகவும் உடன்பிறந்தாருக்கு எதிராகவும் தக்காணத்திலிருந்தே படை திரட்டிச் சென்று அரியணையைப் பிடித்தவர் ஔரங்கசீப். எனவே இந்த அச்சத்தின் எடை அவருக்கு நன்றாகத் தெரியும். ராஜபுத்திர அரசான மேவாரோடு அவசரமாகச் சமாதானம் செய்துகொண்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் அஜ்மீரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பிறகு அவர் வடக்கே திரும்பவே இல்லை.

புறப்பட்டதற்கான காரணம் நியாயமானது என்றே கொள்ள வேண்டும். ஆனால் வந்த காரியம் எப்போது முடிந்ததாகக் கருதப்படும் என்பதை யாரும் வகுத்ததாகத் தெரியவில்லை. 1687இல் இளவரசர் அக்பர் கப்பலேறிப் பாரசீகம் சென்றுவிட்டார். வந்த காரணம் போய்விட்டது. ஆனால் முகாம் கலையவில்லை.

இரு சுல்தானியங்களின் இணைப்பு

1686 செப்டம்பரில் பீஜப்பூரும் 1687 செப்டம்பரில் கோல்கொண்டாவும் வீழ்ந்தன. கோல்கொண்டா முற்றுகை ஏறத்தாழ எட்டு மாதங்கள் நீடித்தது. மழையும் பஞ்சமும் நோயும் முற்றுகையிட்டவர்களையே வாட்டின. இறுதியில் கோட்டைக்குள் இருந்த ஓர் அதிகாரி விலைபோய்க் கதவைத் திறந்துவிட்டதால்தான் அது முகலாயர் கைக்கு வந்தது.

இந்தப் போர்களுக்கு அரசவைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. முஸ்லிம் அரசர்கள்மீது தொடுக்கும் போருக்கு மார்க்கத் தீர்ப்பு தர மறுத்த தலைமைக் காஜி (மார்க்க நீதிபதி) பதவியை விட்டு விலகினார். மூத்த இளவரசர் முஅஸ்ஸம், கோல்கொண்டா சுல்தானோடு இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்த குற்றத்துக்காக 1687இல் மகன்களோடு சிறைவைக்கப்பட்டார். கப்பம் கட்டும் அரசுகளாகவே அவற்றை விட்டுவைக்கலாம் என்ற எண்ணம் அரசவையில் நிலவியது என்பதற்கு இவை சான்றாகின்றன.

ஔரங்கசீப் இணைப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. இரு சுல்தானியங்களும் மராத்தியருக்குப் பணமும் இடமும் கொடுத்துவந்தன. கோல்கொண்டாவின் வைர வருவாயும் கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களின் நெல் வருவாயும் பெரியவை. இவற்றை நேரடியாகக் கைக்கொண்டால் போர்ச் செலவைப் போரே ஈடுகட்டும் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். ஆனால் அரசர்கள் நீக்கப்பட்டதும், அவர்களிடம் சேவகம் செய்த ஆயிரக்கணக்கான படைவீரர்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் இரண்டு வழிகளே எஞ்சின: முகலாயரிடம் மன்சப் கேட்பது, இல்லையேல் மராத்தியரோடு சேர்வது. முதல் வழி கருவூலத்தின் சுமையைக் கூட்டியது. இரண்டாம் வழி எதிரியின் படையைக் கூட்டியது.

1689: உச்சி

1689 தொடக்கத்தில் சாம்பாஜி சங்கமேஸ்வரத்தில் பிடிபட்டு, மார்ச் மாதம் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் இறுதிக்குள் தலைநகரான ராய்கட் வீழ்ந்தது. சாம்பாஜியின் சிறுவயது மகன் ஷாகு தாயோடு பிடிபட்டான். காபூலிலிருந்து சிட்டகாங் வரையிலும், காஷ்மீரிலிருந்து காவிரிக்கரையை நெருங்கியும் முகலாய ஆணை எட்டியது. நிலப்பரப்பு ஏறத்தாழ 40 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி முகலாயரோடு மோதிப் பார்த்துத் தோற்று, 1690இல் ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டி மன்னிப்புப் பெற்றது. கம்பெனியின் பிற்காலத்தை அறிந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். அன்றைய அதிகார ஏணியில் அவரவர் எந்தப் படியில் நின்றார்கள் என்பதை இது சரியாகவே காட்டுகிறது.

அதே ஆண்டுகளில் வேறு சிலவும் நடந்தன. கிழக்கே 1682இலேயே அசாமின் அகோம் அரசு குவாஹாட்டியை மீட்டுவிட்டது. அதை மீண்டும் பிடிக்கப் பேரரசு முயலவில்லை. மார்வாரின் ராத்தோர் ராஜபுத்திரரோடு 1679இல் மூண்ட பகை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தீராமல் இருந்தது. ஆக்ராவை அடுத்த சிக்கந்தராவில் உள்ள பேரரசர் அக்பரின் கல்லறையை 1680களின் இறுதியில் ஜாட் கிளர்ச்சியாளர் சூறையாடினர். பேரரசின் இதயப் பகுதியில், முன்னோரின் கல்லறையையே காக்க முடியாத நிலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் புதிய கோட்டைகள் பிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. கடலிலும் இதே கதைதான்: 1695இல் மக்காவிலிருந்து திரும்பிய பேரரசரின் சொந்தக் கப்பலான கஞ்ச்-இ-சவாயை ஆங்கிலக் கடற்கொள்ளையர் கொள்ளையடித்தனர்.

செஞ்சி

சாம்பாஜியின் தம்பி ராஜாராம் ராய்கட் முற்றுகையிலிருந்து தப்பி, 1689 இறுதியில் செஞ்சியை அடைந்தார். பீஜப்பூரின் கையிலிருந்த அந்தக் கோட்டையை 1677இல் சிவாஜி கைப்பற்றி, இப்படியொரு நாளுக்காகவே போல வலுப்படுத்தியிருந்தார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து நிற்கும் அந்த அமைப்பை முழுவதுமாகச் சூழ்ந்துகொள்ளப் பெரும்படை தேவை. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கியபோது அவரிடம் அவ்வளவு படை இல்லை.

அடுத்தடுத்து நடந்தவை, ஒரு பேரரசு தன் எட்டும் எல்லையைத் தாண்டிப்போகும்போது என்ன ஆகும் என்பதைக் கண்முன் நிறுத்துகின்றன. அமைச்சர் அசத் கானும் இளவரசர் காம் பக்ஷும் துணைக்கு அனுப்பப்பட்டனர். 1692 இறுதியில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் தெற்கே இறங்கின. காஞ்சிபுரத்துப் பௌஜ்தார் (முகலாயப் படை அதிகாரி) அவர்களிடம் சிறைப்பட்டார். பேரரசர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அரியணைப் போட்டிக்கு முந்திக்கொள்ள எண்ணிய இளவரசர், முற்றுகையிடப்பட்ட ராஜாராமோடு இரகசியமாகப் பேசத் தொடங்கினார். அமைச்சரும் தளபதியும் சேர்ந்து பேரரசரின் மகனையே காவலில் வைத்தனர். தானியம் வரும் வழிகள் அடைபட்டிருந்தன. 1693 தொடக்கத்தில் முகலாயப் படை, பெரிய பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

முற்றுகை மீண்டும் தொடங்கியது, பெயரளவில் நீடித்தது. தளபதி அதை வேண்டுமென்றே நீட்டினார் என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. கோட்டை வீழ்ந்தால் அவரைப் போரிட வேறிடம் அனுப்புவார்கள். வீழாதவரை, அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தத் தமிழகப் பகுதியின் வசூல் அவர் கையில் இருக்கும். இந்தக் காலத்தில் அவருடைய படை தஞ்சாவூர் வரை சென்று அங்கு ஆண்ட மராத்திய அரசரிடம் கப்பம் வாங்கியது; மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளும் முகலாயருக்குக் கப்பம் செலுத்த ஒப்பினார். முகலாய வரைபடம் குமரிமுனையை நோக்கி நீள்வது இந்தக் கப்பங்களை வைத்துத்தான். முறையான வரி நிருவாகமோ நிலையான காவற்படையோ அங்கே இருக்கவில்லை. படை நெருங்கியபோது பணம் வந்தது, படை நகர்ந்ததும் நின்றது.

1698 தொடக்கத்தில் செஞ்சி வீழ்ந்தது. ராஜாராம் அதற்குள் வேலூர் வழியாக மராத்திய நாட்டுக்குத் தப்பியிருந்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்த அந்த முற்றுகையில் கிடைத்தது கோட்டை மட்டுமே. இதற்கிடையில், 1690இல், பணத்தேவையில் இருந்த ராஜாராமின் செஞ்சி அரசு கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றிருந்தது. அதுவே புனித டேவிட் கோட்டை ஆயிற்று.

முகாமும் ஜாகீர் நெருக்கடியும்

1695 முதல் 1699 வரை பேரரசர் பீமா ஆற்றங்கரையில் உள்ள பிரம்மபுரியில் தங்கி, அங்கிருந்தே ஆட்சி நடத்தினார். அரசாங்கம் முழுவதும் கூடாரங்களில் இருந்தது. அலுவலகங்கள், கடைவீதிகள், யானைகள், ஒட்டகங்கள் என்று நகரும் தலைநகரமாக அது விரிந்திருந்தது. அந்த முகாம் எங்கே தங்கினாலும் சுற்றுவட்டாரத்தின் தானியமும் தீவனமும் தீர்ந்தன; மராத்தியக் குதிரைப்படைகளும் அதே ஊர்களிலிருந்துதான் தமக்கு வேண்டியதை எடுத்தன. இருவருக்கும் கொடுத்த ஊர், வரி செலுத்தும் நிலையில் இருக்கவில்லை.

ஆயிரம் ஜாத்தும் அதற்கு மேலும் பெற்றிருந்த மன்சப்தார்களின் எண்ணிக்கை, ஆட்சியின் முதல் இருபது ஆண்டுகளில் 486 ஆகவும் 1679க்குப் பின் 575 ஆகவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. அவர்களுள் மராத்தியர் மட்டும் 27இலிருந்து 96 ஆயினர். போரில் வெல்ல முடியாதவரைப் பதவி கொடுத்து வாங்கியதன் கணக்கு இது. பதவி பெற்றவர்களுக்கு ஜாகீர் இல்லை. ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முகாமில் காத்திருந்த அதிகாரியும், கிடைத்த ஜாகீரில் மராத்தியரோ ஜமீன்தாரோ வசூலிக்க விடாததால் குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்ட அதிகாரியும் அக்காலத்துப் பதிவுகளில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். 'ஒரு மாதுளை, நூறு நோயாளிகள்' என்ற பாரசீகப் பழமொழி அரசவையில் இதைக் குறிக்கவே புழங்கியது.

நிலப் பற்றாக்குறை உண்மையானதுதானா, அல்லது புதிதாக இணைந்த பகுதிகளின் நல்ல நிலங்களைப் போர்ச் செலவுக்காக அரசே தன்வசம் வைத்துக்கொண்டதால் உண்டாக்கப்பட்டதா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவது வாதம் எனக்கு வலுவானதாகப் படுகிறது. எப்படியாயினும், அதிகாரியின் கண்ணில் விளைவு ஒன்றே: பேரரசு பெரிதாகப் பெரிதாக அவருக்குக் கிடைத்தது குறைந்தது. கடைசி ஆண்டுகளில் முகாமின் சம்பளத்துக்குப் பெருமளவு நம்பியிருந்தது, 1700 முதல் வங்காளத்தின் திவானாக (வருவாய்த் தலைமை அதிகாரியாக) இருந்த முர்ஷித் குலி கான் அனுப்பிய ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாயை. தக்காணத்துக்காக நடந்த போரை வங்காளம் சுமந்தது.

கோட்டைகளின் ஆண்டுகள், 1699–1705

எண்பது வயதைக் கடந்த பேரரசர் 1699இல் தாமே மராத்தியக் கோட்டைகளைப் பிடிக்கப் புறப்பட்டார். சதாரா, பர்லி, பன்ஹாலா, விசால்கட், சிங்ககட், ராஜ்கட், தோர்ணா என்று பட்டியல் நீண்டது. சதாராவில் முகலாயர் வைத்த வெடிகுழியே அவர்கள்மீது சரிந்து பெருந்திரளானவரைக் கொன்றது. பல கோட்டைகள் போரால் அன்றி, கிலேதாருக்குக் கொடுத்த பணத்தால் கிடைத்தன. கிலேதார் மழைக்காலம் வரை தாக்குப்பிடிப்பார், பணம் வாங்கிக்கொண்டு ஆட்களோடு இறங்கிப் போவார். பேரரசர் நகர்ந்ததும் அவரோ அவரைச் சார்ந்தவரோ திரும்பி வந்து அதே கோட்டையைப் பிடிப்பார்கள். 1705க்குப் பிறகு இவற்றில் முக்கியமானவை ஒன்றன்பின் ஒன்றாக மராத்தியர் கைக்குத் திரும்பின.

1706 தொடக்கத்தில் முகாம் அகமதுநகருக்குத் திரும்பியது. 1707 மார்ச் 3 அன்று ஔரங்கசீப் அங்கே இறந்தார்.

விளைவு

அரியணைப் போரில் வென்றவர், முன்பு கோல்கொண்டா விவகாரத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த முஅஸ்ஸம்தான்; பகதூர் ஷா என்ற பெயரில் ஐந்து ஆண்டுகள் ஆண்டார். 1724இல் முகலாயப் பிரபு நிஜாம்-உல்-முல்க் தக்காணத்தைத் தன் ஆட்சிப் பகுதியாக்கிக்கொண்டார். ஆர்க்காட்டில், சுல்பிகார் கானின் முகலாய நிருவாகத்திலிருந்து முளைத்த நவாபுப் பதவி பரம்பரை உரிமையாயிற்று. 1739இல் பாரசீக அரசர் நாதிர் ஷா, தலைநகரைக் காக்கத் திரண்ட பேரரசுப் படையைக் கர்னாலில் தோற்கடித்துத் தில்லியைச் சூறையாடினார்.

எந்த ஆண்டை உச்சமாகக் குறிப்பது

நிலப்பரப்பை அளவுகோலாகக் கொண்டால் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளைக் குறிக்கலாம், அது பிழையன்று. அதிகாரத்தை, அதாவது வரியைப் படையாகவும் படையை மீண்டும் வரியாகவும் மாற்றும் ஆற்றலை, அளவுகோலாகக் கொண்டால் 1689ஐத் தாண்டிக் குறிப்பதற்கில்லை. பின்வாங்கும் ஆற்றலையும் சேர்த்துக்கொண்டால் உச்சம் இன்னும் முன்னே, பல்கிலிருந்து திரும்பிய 1640களுக்கே போகும். அதே ஆண்டுகளில் கந்தகார் கைவிட்டுப் போனதையும், 1649, 1652, 1653 ஆகிய மூன்று முற்றுகைகளிலும் அதை மீட்க முடியாததையும் காட்டி இதை மறுக்கலாம். ஆனால் மூன்றாவது தோல்விக்குப் பிறகு முகலாயர் அந்த முயற்சியை விட்டுவிட்டனர் என்பதே இங்கு கருதத்தக்கது. விட்டதனால் பேரரசுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

மற்றப் பேரரசுகளிலும் இந்த அளவுகோல் பயன்படுகிறது. கி.பி. 116இல் ட்ராஜன் பார்த்தியரின் தலைநகரான டெசிபோனைப் பிடித்தார். மறு ஆண்டு அவர் இறந்ததும் ஹேட்ரியன் மெசபடோமியாவையும் ஆர்மீனியாவையும் கைவிட்டார். ரோமின் செழிப்பான ஆண்டுகளில் பெரும்பாலானவை அந்தக் கைவிடலுக்குப் பிறகு வந்தவை. உதுமானியப் பேரரசு ஐரோப்பாவில் மிகப் பரந்திருந்தது இன்றைய உக்ரைனில் உள்ள பொடோலியாவைப் பெற்ற 1672க்கும் வியன்னாவில் தோற்ற 1683க்கும் இடையில். ஆனால் அதன் உச்சத்தை 1566இல் இறந்த சுலைமானின் ஆட்சியில் வைப்பதே வழக்கம், அதுவே பொருத்தமும் கூட. பிரித்தானியா 1920ஐ ஒட்டி உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கை ஆண்டபோது, அமெரிக்காவுக்குப் பெருங்கடன் பட்டிருந்தது. 1922 வாஷிங்டன் உடன்படிக்கையில் அமெரிக்கக் கடற்படைக்குச் சமநிலையும் ஒப்புக்கொண்டது. வரைபடத்தில் இதெல்லாம் தெரியாது.

மாற்றியிருக்கக்கூடியவை

சுல்தானியங்களைக் கப்ப அரசுகளாகவே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம். அதை வலியுறுத்த விரும்பவில்லை. 1689இன் வாய்ப்பு அப்படிப்பட்டதன்று. சாம்பாஜி இல்லை, ஷாகு முகாமில் கைதியாக இருந்தான். அவனுக்கு மன்சப் தந்து வளர்த்த பேரரசர், அவனை மராத்திய நாட்டின் கீழ்ப்பட்ட அரசனாக ஏற்று அனுப்பியிருந்தால், அம்பேர் ராஜபுத்திரரோடு பேரரசர் அக்பர் காலம் முதல் கடைப்பிடித்த அதே முறையாக அது இருந்திருக்கும். 1707இல், தந்தை இறந்த சில வாரங்களிலேயே, இளவரசர் ஆசம் ஷா செய்தது அதைத்தான்; ஆனால் அப்போது பேரம் பேசும் வலிமை அவரிடம் இல்லை.

1700இல் மற்றொரு வாய்ப்பும் வந்தது. ராஜாராம் இறந்ததும் அவருடைய மனைவி தாராபாய், தம் மகனுக்கு 7000 மன்சப்பும் தக்காணத்தின் தேஷ்முகி உரிமையும் (வரி வசூலில் ஒரு பங்கு பெறும் பரம்பரை உரிமை) தந்தால் பணிவதாகச் சொல்லி அனுப்பினார். கோட்டைகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று பேரரசர் பதில் சொன்னார். பேச்சு அத்தோடு நின்றது. 1719இல் தில்லி அரசவை, ஆறு தக்காண சுபாக்களிலும் (மாகாணங்களிலும்) வருவாயில் பத்து விழுக்காடான சர்தேஷ்முகியோடு, கால் பங்கான சௌத்தையும் சேர்த்து மராத்தியருக்கு எழுதிக் கொடுத்தது. அந்த ஆணையைப் பெற மராத்தியரின் பேஷ்வா (முதலமைச்சர்) பாலாஜி விஸ்வநாத் தம் படையோடு தில்லிக்கே சென்றிருந்தார்.